கோலுக்குப் பின்னால் கேட்ட குரல்

என் அன்பான இஞ்சாருங்கோ,

கலியாணம் முடித்த நாள் முதல் நான் உங்களைக் கூப்பிட்டது அப்படித்தான். கடிதத்தில் மட்டும் வேறு எதை எழுதுவது? உங்கள் பெயரை ஆஸ்பத்திரியில் கேட்டபோது சொன்னேன், வங்கியில் கேட்டபோதும் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் திரும்பிவிடுவீர்கள்.

பின்வளவுத் தேசி மரம் இந்த முறை கிளை வளையக் காய்த்திருக்கிறது. உங்கள் கார் கராஜில் நிற்கிறது. சாரதி ஆசனத்தை முன்னுக்குத் தள்ள நான் யாரையும் விடவில்லை. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மைதானத்துச் செய்திதான் பெரிது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதம் நம் சங்கத்து மலரில் அச்சாகப் போகிறது. உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். காரில் கதைத்தது காரோடு போகவேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். ஆனாலும் நான் இதை எல்லாரும் வாசிக்க எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள். மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இந்த ஓக்லாந்தின் குளிர்காலச் சனிக்கிழமைகள்தான் எனக்கு அதிகம் ஞாபகம் வருகின்றன. ஹொக்கி அணிகளுக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும் தெரிவாளர் என்றால் மேலே பல்கனியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கோப்பி குடிக்கலாம். நீங்கள் ஒருநாளும் அங்கே ஏறியதில்லை. மழையோ காற்றோ, கோலுக்குப் பின்னால் அந்த மூலையில்தான் உங்கள் இடம். பக்கத்தில் நான், கையில் குடை, கைப்பையில் இஞ்சி போட்ட பிளேன்டீ.

"கோல் அடிக்கிறதைப் பாக்க ஸ்கோர்போர்ட் இருக்கு. பிறகு நான் எதுக்கு?" என்பீர்கள். "பந்து வர முன்னம் அவள் எங்க பாத்தவள்? பறிபட்ட பிறகு அவளின்ர கால் எங்க போச்சு? மாத்தி வெளியில எடுத்தா வாங்கில குந்தியிருந்து ஆட்டத்தைப் பாக்கிறாளோ, போனைப் பாக்கிறாளோ? நான் இதுகளைத்தான் பாப்பன். மிச்சத்தைத் தாய் தகப்பன் பாப்பினம்."

நானும் சும்மா குடை பிடிக்க வந்தவள் இல்லை. யாழ்ப்பாணத்தில் கொன்வென்ட் அணிக்கு வலப்பக்க முன்வரிசையில் ஆடியவள். தடி பிடிக்கும் முன் நகம் வெட்டியிருக்கிறோமா என்று பார்க்கும் சிஸ்டரிடம் ஹொக்கி படித்தவள். சொக்ஸ் சரிந்த பிள்ளைக்கு என் மனதில் உடனே ஒரு புள்ளி குறையும்.

"ராணி, நீர் ஹொக்கி டீமே எடுக்கிறீர், சுகாதாரப் பரிசோதனையே நடத்திறீர்?"

"சொக்ஸை இழுத்துவிடாதவள் தன்ர ஆளையும் விட்டிடுவாள். இருந்து பாருங்கோ."

சில நேரம் நான் சொன்னதுதான் நடந்தது. ஒத்துக்கொள்வீர்கள்தானே?

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் ஏறுவதற்குள் ஆளுக்கு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லவேண்டும். சீசன் முடிவில் யார் சொன்ன பிள்ளை அணியில் நிலைத்து நின்றாளோ அவர் வென்றவர். ஒடாஹுஹுச் சந்தையில் வாங்கும் மீனைத் தோற்றவர்தான் வெட்டவேண்டும். நம்மிடம் இருந்த ஒரே சூது அதுதான். மீன் செதிலோடு நீங்கள் குசினியில் நின்று முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

வெளியாட்களிடம் ஒரு சொல் பேசமாட்டீர்கள். தெரிவு ஆட்டங்கள் நடக்கும் ட்ரையல் மாதங்களில் தமிழ் வீடுகளில் கை நனைக்கவும் மாட்டீர்கள். எந்த வீட்டுப் பிள்ளை ட்ரையலில் நிற்கிறதோ அந்த வீட்டுச் சோறு நமக்கு விலக்கு. 'ட்ரையல் விரதம்' என்று நம் ஆட்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் பாலிய சிநேகிதர் தன் மூத்த மகளின் கலியாணத்துக்குக் கூப்பிட்டார். இளையவள் அந்த முறை ட்ரையலில் நின்றாள். வாழையிலைக்கு முன்னால் நீங்கள் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு இருந்தீர்கள்.

"என்ன மச்சான், நஞ்சே போட்டு வைச்சிருக்கிறன்?" என்று அவர் கத்தினார்.

"தண்ணி காணும் மச்சான். கலியாணப் பொம்பிளை நல்ல வடிவு."

மாசிப் புறநகரிலிருந்து ஒரு தாய் டின் நிறைய முறுக்கோடு வந்ததும் நினைவிருக்கிறதா? சும்மா சுகம் விசாரிக்க வந்தாராம். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது நம் வழக்கம். நான் முறுக்கோடே திருப்பிக் கொடுத்து, மேலே நாலைந்து தேசிக்காயும் வைத்து அனுப்பினேன். நீங்கள் அன்று முழுக்கச் சிரித்தீர்கள். அந்த மகளை நீங்கள் தெரிவுசெய்தீர்கள் என்பது அந்தத் தாய்க்கு இன்றுவரை புரியாத புதிர்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கோபிக்கவேண்டாம்.

கடைசி இரண்டு சீசனிலும் உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு தரம் 'இஞ்சாருங்கோ' என்றால்தான் திரும்பினீர்கள். காதுக்கருவியை வாங்கி, மைதானத்துக்குள் நுழைந்ததும் கழற்றி என் கைப்பைக்குள் போட்டுவிடுவீர்கள். "செவிடன் எண்டு தெரிஞ்சா நாளைக்கே வீட்டை இருக்கச் சொல்லிப் போடுவாங்கள், ராணி." அதனால் நாம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். யாராவது உங்களோடு பேசினால் நான் உங்கள் முழங்கையைத் தொடுவேன். நீங்கள் திரும்பி, அவர்களின் உதட்டைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்வீர்கள். 'நாதன் சேர் யோசிச்சுத்தான் ஒரு வார்த்தை சொல்லுவார்' என்று ஊரே மெச்சியது. உங்கள் காது போனதில் உங்கள் மதிப்பு கூடியது. இதைச் சொல்லி நாம் இருவரும் எத்தனை நாள் சிரித்திருப்போம்!

அப்படியொரு நாளில்தான் அகிலா வந்தாள். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் ட்ரையல். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து இறங்கிய பிள்ளை, டிஃபெண்டர், பின்னால் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கோலைக் காக்கிறவள். காரில் நான் அவள் பெயரைச் சொன்னேன். நீங்கள் தலையாட்டவில்லை.

"கால் இருக்கு, கண் இருக்கு. குரல் இல்லை. குரல் இல்லாத டிஃபெண்டர் பூட்டில்லாத கதவு."

"அவள் வாய் ஓயாமல் கதைச்சவள், இஞ்சாருங்கோ."

"எனக்குக் கேக்கேல்லை."

"உங்கட காது என்ர கைப்பைக்குள்ள கிடந்தது. பிறகெப்பிடிக் கேக்கும்?"

நீங்கள் சிக்னலைப் போட்டு மோட்டர்வேயில் ஏறினீர்கள். பிறகு, "கேக்காத குரல் மைதானத்தில குரல் இல்லை. வாற வருசம் திரும்பப் பாப்பம்" என்றீர்கள். தெரிவுக்குழுவிலும் 'குரல் இல்லை' என்றே சொன்னீர்கள். அந்த 'வாற வருசம்' நீங்கள் மைதானத்தில் இருக்கவில்லை. கட்டிலில் இருந்தீர்கள்.

நீங்கள் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுக்குச் செல்வி குடிவந்தாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ். தமிழ் ஆட்கள் என்று தெரிந்ததும் ஒரு செம்பில் ரசத்தோடு வேலியோரம் நின்றாள். அவள் பின்னால் ஹொக்கித் தடியோடு நின்ற பிள்ளை அகிலா. நான் உங்களிடம் வந்து சொன்னேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தீர்கள். அந்த ரசம்தான் கடைசி வாரங்களில் உங்கள் தொண்டைக்குள் இறங்கியது. நீங்கள் போன பிறகும் செல்வி நிறுத்தவில்லை. ஞாயிறு இட்லி, செவ்வாய் குழம்பு. இரண்டு வருசமாக நான் அந்த வீட்டுச் சாப்பாட்டில் இருக்கிறேன்.

இந்தக் கோடைக்கு ஒரு புதிய லீக் வைக்கிறார்கள். அணிகள் முறை வைத்து இளம்பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். ட்ராஃப்ட் என்று பெயர். கொன்வென்ட்டில் இரண்டு தலைவிகள் நின்று மாறிமாறி ஆள் பிரிப்போமே, அதேதான். கடைசியில் மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகம் இருக்கிறதே, அதுவும் அதேதான். அகிலாவுக்கு இப்போது பதினெட்டு. இது தப்பினால் தடியை வைத்துவிட்டுப் படிப்போடு நிற்கப்போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வருசமும் ட்ரையலில் கடைசிச் சுற்றுவரை வந்து விழுகிற பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

ட்ராஃப்ட் செய்தி வந்த அன்றே செல்வியிடம் குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னம்மா, எம்மேல கோவமா? உப்பு கூடிருச்சா?"

"கோவமில்லைப் பிள்ளை. உங்கட மகள் ட்ராஃப்டில நிக்கிறாள். முடியும் வரைக்கும் எனக்கு வேண்டாம்."

"நீங்க என்னம்மா, செலக்டரா?"

"செலக்டரின்ர மனிசி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் சட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துத் தேவிகா வந்தாள். மறந்திருக்கமாட்டீர்கள். ஈப்போவில் பிறந்து சிறுபிள்ளையாக இங்கே வந்தவள், ஊர்ப் பழக்கத்தில் இன்னும் 'லா' போட்டுக் கதைப்பவள், நீங்கள் அணிக்கு எடுத்த பிள்ளை. இப்போது ஓர் அணிக்கு வீராங்கனைகளைப் பார்த்துச் சொல்லும் வேலை. இந்தக் காலத்தில் கம்பத்தில் கமரா ஏற்றி முழு ஆட்டத்தையும் எடுக்கிறார்கள். பிள்ளைகள் முதுகில் ஒரு கருவியோடு ஓடுகிறார்கள், யார் எவ்வளவு ஓடினாள் என்று கோடு கோடாகத் திரையில் வருகிறது. நல்லதுதான். பறிபட்ட பிறகு கால் எங்கே போகிறது என்று அதிலும் தெரிகிறது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் முறைத்து, பிறகு மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

"பாருங்க ஆண்ட்டி, அகிலாவோட கோடு எவ்ளோ அழகு. பந்து போனாலும் நிக்கமாட்டேங்குது" என்றாள் தேவிகா. "ஆனா வீடியோல சத்தம் கேக்காதுலா. குரல் இல்லன்னு சார் சொன்னாங்க இல்ல? எந்த டீம்ல கேட்டாலும் அதையே சொல்றாங்க. சார் வேற ஏதாச்சும் சொன்னாங்களா, கார்ல?"

பார்த்தீர்களா? நீங்கள் ஒரு நாள் சொன்ன ஒரு சொல் குழுவிலிருந்து குழுவுக்குப் போய், அந்தப் பிள்ளையின் முதுகில் அந்தக் கருவியைவிட இறுக்கமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்கள் வாக்கின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

நான் என்ன செய்வேன்? அவள் நல்லவள் என்று என் வாயால் சொல்ல முடியாது. அந்த வீட்டில் சாப்பிட்டவள் நான். நீங்கள் மெச்சினீர்கள் என்று சொன்னால் பொய். உள்ளதைச் சொன்னால், இரண்டு சீசனாக நாம் முழங்கையைத் தொட்டுத் தொட்டு மறைத்த விஷயம் சந்திக்கு வரும்.

"சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போ. அவர் நிண்ட இடத்தில நீ நில்லு. உன்ர காதால கேள்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று நல்ல காற்று. செயற்கைப் புல் டேர்ஃபுக்கு அப்போதுதான் தண்ணீர் அடித்திருந்தார்கள். கோலுக்குப் பின்னால் அந்த மூலையில் போய் நின்றோம். தேவிகா வேலியில் கையை ஊன்றிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. சாரும் இதே இடத்துலதான் நின்னாங்க. சாருக்கே கேக்கலன்னா, அவ பேசலன்னுதானே அர்த்தம்? சார் தப்பாச் சொல்ல மாட்டாங்க."

அவளுடைய நம்பிக்கையைப் பார்த்தேன். கோலுக்கு முன்னால் வட்டத்துக்குள் சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற அகிலாவைப் பார்த்தேன். உங்கள் முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் வேலிக்கம்பிதான் இருந்தது.

"அவருக்குக் காது கேக்கிறேல்லை, பிள்ளை" என்றேன். "அண்டைக்கு அவரின்ர கருவி என்ர கைப்பைக்குள்ள இருந்தது."

தேவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. "அப்போ சார் யோசிச்சு யோசிச்சுப் பேசினதெல்லாம்..."

"ஓம். உன்ர உதட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவர்."

அவள் வாயில் கைவைத்துச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். உங்களைப் பற்றி அவள் மனதில் எதுவும் குறையவில்லை. அதை நான் நின்று கவனித்தேன். குறைந்திருந்தால் அவளை மன்னித்திருக்கமாட்டேன்.

பிறகு ஆட்டம் எங்கள் பக்கம் வந்தது. தேவிகா என் கையைப் பிடித்து அமத்தினாள்.

"ஆண்ட்டி! கேக்குதா? லெஃப்ட், லெஃப்ட்ங்குறா. பின்னால ஆளுங்குறா. அம்மாடி, நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கா லா! கத்தல, ஆனா பக்கத்துல இருக்கற பொண்ணுங்க எல்லாம் அவ சொல்றபடிதான் நகருது." கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒருத்தர் பேரையும் சொல்லி கூப்பிடலயே. எல்லாரும் பேரச் சொல்லித்தானே கத்துவாங்க. மேல பல்கனில இருக்கறவங்களுக்குப் பேருதான் கேக்கும். இவளுக்கு என்ன?"

"அவளுக்குப் பக்கத்தில நிக்கிறது எல்லாம் மூத்த பிள்ளையள். வீட்டில அக்கா எண்டு சொல்லிப் பழகினவள். இஞ்ச அக்கா எண்டா சிரிப்பினம், பேர் சொல்ல நா எழும்பாது. அவள் என்ன செய்வாள்? நான் என்ர மனிசனை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. அவர் திரும்பாமலே போனவர்?"

தேவிகா குறித்துக்கொள்ளவில்லை. திரையையும் பார்க்கவில்லை. காதைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு இடைவேளைவரை அசையாமல் நின்றாள், நீங்கள் நிற்பதுபோல.

ட்ராஃப்ட் ஞாயிறு மத்தியானம். கிளப் மண்டபத்தில் ஒவ்வொரு அணியாகப் பெயர் வாசித்தார்கள். செல்வி வேலைக்குப் போகாமல் என் பக்கத்தில் இருந்தாள், அகிலா சுவரோடு சாய்ந்து நின்றாள். சுற்றுக்குச் சுற்று யார் யாரோ கைதட்டலோடு எழுந்து போனார்கள். கடைசிச் சுற்றில் தேவிகாவின் அணி எழுந்தது. பெயர் வாசித்த வெள்ளைக்காரப் பெடியன் அகிலாவின் பெயருக்குப் பின்னால் வரும் அப்பாவின் பெயரைக் கடித்துக் குதறித்தான் வாசித்தான், ஆனாலும் அது அவள்தான். செல்வி என் தோளில் விழுந்து அழுதாள். அகிலா நேரே என்னிடம் வந்து, "பாட்டி, இன்னைக்காவது எங்க வீட்ல சாப்பிடுவீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன். கேசரி. முந்திரி கொஞ்சம் கருகியிருந்தது, அதையும் சொன்னேன்.

ஆக, அகிலா விஷயத்தில் தோற்றது நீங்கள்தான். ஒடாஹுஹுவில் விளைமீன் வாங்கி வந்தேன். அதை வெட்ட நீங்கள் இல்லை என்பது மீனைத் தொட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. நானே வெட்டினேன். வென்றவள் மீன் வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

இதை எல்லாரும் வாசிக்க எழுதுவதற்கான காரணம் இதுதான். 'குரல் இல்லை' என்ற சொல் எவ்வளவு தூரம் போனதோ, திருத்தமும் அவ்வளவு தூரம் போகவேண்டும். நீங்கள் இருந்திருந்தால் அடுத்த வருசமே திரும்பப் பார்த்து நீங்களே திருத்தியிருப்பீர்கள். பார்ப்பம் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்டவர் இல்லை நீங்கள். மிச்சம் வைத்துப் போனதை மனைவி முடித்தேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தேவிகாவிடமும் செல்வியிடமும் சொல்லவில்லை.

அன்று கோலுக்குப் பின்னால் தேவிகா 'கேக்குதா, கேக்குதா' என்று என் கையை அமத்தினாளே, எனக்குக் கேட்கவில்லை. காற்று கேட்டது. தடியில் பந்து படுவது எங்கோ தூரத்தில் போலக் கேட்டது. அந்தப் பிள்ளையின் உதடு அசைவதைத்தான் பார்த்தேன். அன்று காரில் உங்களோடு அவளுக்காக வழக்காடிய அதே காதுதான். எப்போது போனது? நான் உங்களை இரண்டு தரம் கூப்பிட்டபோது, உண்மையில் எத்தனை தரம் நீங்கள் பதில் சொல்லி எனக்குக் கேட்காமல் போனது?

டொக்டர் ஒரு கருவி தந்து மாதக்கணக்காகிறது. மேசை லாச்சிக்குள் உங்களுடையதற்குப் பக்கத்தில் என்னுடையதும் பெட்டி திறக்காமல் கிடந்தது. உங்களை அவ்வளவு ஏசிய வாய் இது.

இன்று காலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தேசி மரத்தில் குருவி கத்துவது அசிங்கமான சத்தமாக இருக்கிறது. வேலிக்கு அப்பால் அகிலா பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டு தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் கேட்கிறது.

லீக்கின் முதல் ஆட்டத்துக்குப் போவேன். பல்கனிக்கு அல்ல, நம் மூலைக்கு. காதில் கருவியோடு போவேன், கைப்பையில் வைத்துக்கொண்டு அல்ல. அந்தப் பிள்ளை சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் கேட்டு வந்து, திரும்பி வரும்போது மோட்டர்வேயில் ஏறுவதற்குள் உங்களுக்குச் சொல்வேன். ஒருவேளை நீங்களும் ஏதாவது சொன்னால், இந்த முறை எனக்குக் கேட்கும்.

'இஞ்சாருங்கோ' என்று உங்களை ஒரு தரம் மட்டும் கூப்பிடும்,
உங்கள் மனைவி ராணி
லின்ஃபீல்ட், ஓக்லாந்து